டிரிபிளிங் விங்கரும் மற்றப் பதின்மரும்

கால்பந்தாட்டத்தில் வலக்கோடியிலும் இடக்கோடியிலும் நின்று ஆடும் முன்னணி வீரர்களை விங்கர் என்பர். நம் ஊர் மைதானங்களில் முதியவர்கள் ‘ரைட் அவுட்’, ‘லெப்ட் அவுட்’ என்று கூறக் கேட்கலாம். இவர்களுள் இருவகையினர் உண்டு. ஒருவகையினர் ஓட்டக்காரர். பந்தை அவர்க்கு முன்னே வெற்றிடத்தில் தள்ளிவிட்டால் போதும். பேக் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவர். நம் நாட்டின் பி.கே. பானர்ஜி ஓட்டத்திற்கும் வலுவான அடிக்கும் பெயர் பெற்றவர். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை நாம் 2–1 என வென்றபோது முதல் கோலை அடித்தவர் இந்த ரைட் அவுட்டே. மற்றொரு வகையினர் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரை உடலசைவினால் ஏமாற்றி, அவரைக் கடந்து செல்பவர். டிரிபிளிங் விங்கர் என்பது இவரைத்தான். இக்கட்டுரையும் இவரைப் பற்றியதே.

இவரைப் போலப் புகழப்படுபவரும் இல்லை. இவரைப் போலத் திட்டப்படுபவரும் இல்லை. இருவரைக் கடந்தால் கரவொலி. மூன்றாமவரிடம் பந்தை இழந்தால், “பாஸ் கொடு, பாஸ் கொடு!” என்ற கூக்குரல். அக்குரலில் மாணவர் குரலும் உண்டு; மரநிழலில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களின் குரலும் உண்டு. நம் கல்லூரி அணியில் இரண்டாண்டுகளாக நான் ரைட் பேக்காக ஆடிவருகிறேன். எனக்கு முன்னால் ஆடும் ரைட் அவுட் இத்தகையவர். பெயர் சொல்ல வேண்டுவதில்லை, அனைவரும் அறிவர். வரும் ஆண்டும் அவரை அணியில் வைத்துக்கொள்வதா, அல்லது ஒழுங்காகப் பாஸ் கொடுக்கும் ஒருவரை அவ்விடத்தில் நிறுத்துவதா என்ற பேச்சு விடுதியில் நடந்துகொண்டிருக்கிறது. அப்பேச்சில் எல்லாரும் அவர் என்ன செய்கிறார் என்பதையே ஆராய்கின்றனர். அவர் காலில் பந்து இருக்கும்போது மற்றப் பதின்மரும் என்ன செய்கின்றனர் என்று ஒருவரும் கேட்பதில்லை. விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிவு.

முதலில் ஒரு சிறு கணக்கு. கோல் காப்பாளர் இருவரையும் நீக்கிவிட்டால், ஆட்டம் பத்துக்குப் பத்து எனச் சமமாக நிற்கிறது. பந்து ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பாஸாகப் போகும்போது எதிரணிக் காவலர்கள் அதற்கேற்ப நகர்ந்து, மீண்டும் தத்தம் இடத்தில் நின்றுகொள்கின்றனர். சமநிலை எளிதில் குலைவதில்லை. ஆனால் பந்தோடு ஒருவரை நேராகக் கடந்துவிட்டால், கடக்கப்பட்டவர் சில விநாடிகளுக்கு ஆட்டத்திலேயே இல்லை. பத்துக்கு ஒன்பது! விங்கரைத் தடுக்க இன்னொருவர் தம் இடத்தைவிட்டு வந்தே தீரவேண்டும். அவர் வந்ததும், அவர் காத்துநின்ற நம் வீரர் தனியே விடப்படுகிறார். டிரிபிளிங் விங்கர் அணிக்குத் தரும் செல்வம் இதுவே: தம்மை நோக்கி இரண்டாமவரை வரவழைப்பது. அவர் அடிக்கும் கோல்கூட இதற்கு அடுத்தபடிதான். இரண்டாமவர் வந்தபின் பந்து தனித்து நிற்பவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கொண்டே அவரையும் நம்மையும் மதிப்பிட வேண்டும். பத்துமுறை முயன்று ஏழுமுறை பந்தை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய மூன்று முறையும் கோல்முனையில் ஒருவர் தனித்து நின்றார் என்றால், அது நட்டமான வாணிபம் அன்று. மூன்று முறையும் அங்கே ஒருவருமே இல்லை என்றால், குறை யாருடையது?

இனி, பந்து அவரிடம் எப்படிச் சேரவேண்டும் என்பதைப் பார்ப்போம். ஓட்டக்காரருக்கு முன்னால் தள்ளுவதைப்போல இவருக்குத் தள்ளக்கூடாது. இவருக்குப் பந்து காலிலேயே வேண்டும். அதுவும் விரைவில் வேண்டும். நடுக்களத்தில் நாம் நான்கைந்து பாஸ்கள் போட்டுக் காலம் கடத்தினால், அதற்குள் எதிரணியின் ஹாப் பேக் வந்து, லெப்ட் பேக்கிற்குத் துணையாக நின்றுவிடுவார். ஒருவர்க்கொருவர் என நிற்கும் அந்தச் சில விநாடிகளே விங்கரின் முதல்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1953 மே 2 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதியாட்டம் அது. பிளாக்பூல் அணிக்கும் போல்டன் அணிக்கும் போட்டி. பிளாக்பூலின் ரைட் அவுட் ஸ்டான்லி மேத்யூஸ். அப்போது அவர்க்கு வயது 38. 1948-இலும் 1951-இலும் இதே கோப்பையின் இறுதியாட்டத்தில் தோற்றவர். இம்முறையும் இரண்டாம் பாதியில் போல்டன் 3–1 என முன்னணியில் நின்றது. ஆனால் போல்டன் அணிக்கு ஒரு நோய் இருந்தது. அதன் லெப்ட் ஹாப் எரிக் பெல் தொடக்கத்திலேயே தசை பிடித்து, ஓட இயலாமல், இடக்கோடிக்கு அனுப்பப்பட்டிருந்தார். அந்நாளில் மாற்று வீரரை இறக்கும் வழக்கம் இல்லை. வேறொருவர் பெல்லின் இடத்தைப் பார்த்துக்கொண்டார். பின்னர் லெப்ட் பேக் ரால்ப் பேங்க்ஸுக்கும் காலில் பிடிப்பு ஏற்பட்டது. அதாவது மேத்யூஸ் நின்ற பக்கத்தில்தான் போல்டனின் வேலி சாய்ந்திருந்தது. பிளாக்பூல் வீரர்கள் செய்த அறிவான காரியம், பந்தை ஓயாமல் அந்தப் பக்கத்திற்கே அனுப்பியதுதான். இன்சைடு ரைட் எர்னி டெய்லர் கிடைத்த பந்தையெல்லாம் மேத்யூஸின் காலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 68-ஆம் நிமிடத்தில் மேத்யூஸ் அனுப்பிய பந்தை மார்ட்டன்சன் கோலாக்கினார். 89-ஆம் நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக்கினால் ஆட்டம் சமமாயிற்று. கடைசி நேரத்தில் மேத்யூஸ் வலப்புறம் காவலைக் கடந்து, பந்தைப் பின்னோக்கி உள்ளே தள்ள, பில் பெர்ரி அடித்தார். 4–3!

மார்ட்டன்சன் அன்று மூன்று கோல் அடித்தார். ஆயினும் அவ்வாட்டத்தை இன்றளவும் ‘மேத்யூஸ் இறுதியாட்டம்’ என்றே அழைக்கின்றனர். டெய்லரின் பெயரையோ சொல்வார் குறைவு. ஒரு விங்கருக்கு ஒரு டெய்லர் வேண்டும் என்பதை நம் அணியின் நடுக்கள வீரர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பந்து கிடைத்தாயிற்று. எதிரே ஒருவர்தாம் நிற்கிறார். அப்போது நம்மவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஆனால் நம் மைதானத்தில் அன்றாடம் அதுதான் நடக்கிறது. விங்கருக்கு ‘உதவி செய்ய’ இன்சைடு வீரர் ஓடிப்போய் அவர் அருகில் நின்றுகொள்கிறார். அவர் போனால் அவருடைய காவலரும் கூடவே போகிறார். இருவர் இருந்த இடத்தில் நால்வர்! விங்கருக்குத் திரும்பவும் இடமில்லை. அவரை விட்டு விலகி நிற்பதே அவ்வேளையில் செய்யத்தக்க உதவி.

எங்கே டிரிபிள் செய்வது என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். மைதானத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்துக்கொண்டால், நம் கோலை அடுத்த பகுதியில் ஒருவரைக் கடப்பதனால் வரும் ஊதியம் சிறிது. இழந்தால் வரும் கேடு பெரிது. எதிரணியின் கோலை அடுத்த பகுதியில் நிலைமை நேர்மாறு. அங்கே பந்தை இழந்தாலும் நம் கோல் எழுபது கெஜத்திற்கு அப்பால் இருக்கிறது. வென்றாலோ, 18 கெஜக் கட்டத்திற்குள் நுழையலாம். உள்ளே காலைத் தட்டினால் பெனால்டி என்ற அச்சத்தில் பேக் தயங்குவார். ஆகவே “டிரிபிள் செய்யாதே” என்று அவரிடம் சொல்வது பயனற்ற அறிவுரை. “இங்கே செய்யாதே, அங்கே செய்” என்று சொன்னால் பயன் உண்டு.

இப்போது, உலகம் கண்ட டிரிபிளிங் விங்கர்களுள் தலையாயவர் என்று பலரும் கருதும் பிரேசில் நாட்டுக் காரிஞ்சாவிடம் வருவோம். 1933-இல் பிறந்தவர். கால்கள் இரண்டும் கோணலானவை. அவரது வித்தையோ ஒன்றே ஒன்றுதான் என்பர். பேக்கின் முன் நின்று இடப்புறம் சாய்வார். பிறகு வலப்புறம் பாய்வார். எதிரணியினர் அனைவர்க்கும் அது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இது நம்மவர் கருதத்தக்கது. பத்து வித்தை தேவையில்லை. ஒரு வித்தையும், அதைச் செய்தபின் முதல் மூன்று அடிகளில் வேகமும் போதும்.

1958-இல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களில் பிரேசில் அவரை இறக்கவில்லை. அதற்குச் சற்று முன் இத்தாலியில் பியோரெண்டினா அணியுடன் நடந்த ஆட்டத்தில், கோல் காப்பாளரையும் கடந்தபின் வெறுங்கோலில் பந்தை அடிக்காமல், ஓடிவந்த காவலரையும் ஒருமுறை ஏமாற்றிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினாராம். அந்த விளையாட்டுத்தனம் பொறுப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. (நம் விடுதிப் பேச்சு அங்கேயும் நடந்திருக்கிறது போலும்!) இங்கிலாந்துடன் ஆடிய இரண்டாம் ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஜூன் 15 அன்று சோவியத் யூனியனை எதிர்த்த மூன்றாம் ஆட்டத்தில் காரிஞ்சாவும், 17 வயதுப் பெலேயும், ஜீட்டோவும் இறக்கப்பட்டனர். ஆட்டம் தொடங்கியவுடனே காரிஞ்சா அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டது. பெலே அடித்ததும் கம்பத்தில் பட்டது. மூன்றாம் நிமிடத்தில் வாவா கோல் அடித்தார். முடிவு 2–0.

நான் மிகவும் ஊன்றிப் பார்க்கச் சொல்வது ஜூன் 29 அன்று நடந்த இறுதியாட்டத்தை. இன்று அதன் படத்தை யாரும் கைப்பேசியிலேயே காணலாம். நான்காம் நிமிடத்தில் சுவீடன் கோல் அடித்துவிட்டது. ஒன்பதாம் நிமிடத்தில் காரிஞ்சா வலக்கோடியில் லெப்ட் பேக்கைக் கடந்து, கோல்கோட்டை நோக்கிச் சென்று, பந்தைத் தாழ்வாகக் கோலின் குறுக்கே அனுப்பினார். வாவா ஓடிவந்து உள்ளே தள்ளினார். 32-ஆம் நிமிடத்தில் அச்சடித்தாற்போல அதே கோல் மீண்டும். இறுதியில் பிரேசில் 5–2 என வென்றது. அவ்விரண்டு கோல்களையும் பார்ப்பவர்கள் காரிஞ்சாவின் கால்களையே பார்க்கின்றனர். இரண்டாம் முறை பார்க்கும்போது காரிஞ்சாவை விட்டுவிட்டு வாவாவைப் பாருங்கள். காரிஞ்சா பேக்கைக் கடந்துவிடுவார் என்று நம்பி, பந்து வரவேண்டிய இடத்திற்கு அவர் ஓடுகிறார். கடந்தபின் ஓடத் தொடங்கினால் அங்கே போய்ச் சேர முடியாது. நம் அணியின் சென்டர் பார்வர்டு, விங்கர் பேக்கைக் கடப்பாரா மாட்டாரா என்று நின்று வேடிக்கை பார்க்கிறார். கடந்துவிட்டார் என்று கண்டபின் புறப்படுகிறார். அவர் வருவதற்குள் மூன்றாமவர் வந்து விங்கரிடமிருந்து பந்தைப் பறித்துவிடுகிறார். பழி விங்கர்மேல்!

கோல்கோடு வரை செல்வதில் ஆட்ட விதி தரும் ஒரு நன்மையும் உண்டு. பந்தைவிடப் பின்னால் நிற்பவருக்கு ஆப்சைடு கிடையாது. விங்கர் கோல்கோட்டருகே சென்று பந்தைப் பின்னோக்கித் தள்ளினால், நம் முன்னணியினர் அனைவரும் பந்துக்குப் பின்னால்தான் இருப்பர். அதனால் எங்கு வேண்டுமானாலும் தடையின்றி நிற்கலாம். எதிரணிக் காவலர்களோ தம் கோலை நோக்கி முகம் வைத்து ஓடிக்கொண்டிருப்பர். பந்தைப் பார்த்தால் ஆள் தெரியாது; ஆளைப் பார்த்தால் பந்து தெரியாது. ஆகவே ஒருவர் அருகிலுள்ள கம்பத்தை நோக்கியும், ஒருவர் தொலைக் கம்பத்தை நோக்கியும், ஒருவர் ஓடாமல் பெனால்டிப் புள்ளியருகே பின்தங்கியும் நிற்பது என முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். 18 கெஜக் கட்டத்தின் விளிம்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உயரத் தூக்கி அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது, எனக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. விங்கர் பந்தை இழக்கும்போது அவர் முன்னே நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றிடம். எதிரணியின் லெப்ட் அவுட் அவ்விடத்தில் பந்தை வாங்கி நேரே என்மேல் வருவார். “அவர் திரும்பி ஓடிவந்து காக்க வேண்டாமா?” என்று கேட்பர். ஓரளவு வரவேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் நம் கோல் வரை ஓடிவந்து திரும்பிப் போகும் விங்கருக்கு, பேக்கை எதிர்கொள்ளும் நேரத்தில் காலில் பாய்ச்சல் இராது. பிரேசில் இதற்குக் கண்ட வழி மிக அழகியது. வலப்புறம் காரிஞ்சாவுக்குக் கொடுத்த உரிமைக்கு ஈடாக, இடப்புற விங்கர் மாரியோ ஜகாலோ நடுக்களத்திற்கு இறங்கி வந்து உழைத்தார். தாளில் நான்கு–இரண்டு–நான்கு என்றிருந்த வரிசை, ஆட்டத்தில் நான்கு–மூன்று–மூன்று ஆயிற்று. ஜகாலோவைச் ‘சிற்றெறும்பு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பிற்காலத்தில் 1970-இல் அவரே பயிற்சியாளராக இருந்து கோப்பையை வென்றார். ஒரு பக்கம் கலைஞர் ஆடினால், மறுபக்கம் எறும்பு வேண்டும். இரு பக்கமும் கலைஞரை நிறுத்தினால் பேக்குகளின் பாடு திண்டாட்டம்தான். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் அணிக்கு இதை எப்படிப் பொருத்துவது? ரைட் அவுட் டிரிபிள் செய்யத் தொடங்கியதும் லெப்ட் அவுட் பத்துக் கெஜம் உள்ளே வரவேண்டும். ரைட் ஹாப் முன்னே ஓடாமல், விங்கருக்குப் பின்னால் சாய்வாகப் பதினைந்து கெஜத் தொலைவில் நிற்கவேண்டும். பந்து வெளிப்பட்டால் முதலில் அவர் காலுக்கே வரும். நான் கோட்டோரமாகப் போகாமல் நடுப்பக்கம் ஒதுங்கி நிற்பேன். இம்மூன்றும் நடந்தால், அவர் பந்தை இழப்பது ஒரு பேரிடராகத் தோன்றாது.

இதற்கு மாறான முறை ஒன்று அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. வலப்புறத்தில் இடக்கால் வீரரை நிறுத்துவது. 2009-இல் பயர்ன் மியூனிக் அணியில் சேர்ந்த ஆர்யன் ராபன் இவ்வகையில் பெயர்பெற்றவர். அவர் கோல்கோட்டிற்குப் போவதைவிட உள்ளே வெட்டி இடக்காலால் அடிப்பதையே விரும்பினார். இதுவும் எல்லார்க்கும் தெரிந்த ஒரே வித்தைதான்! உள்வழியைப் பேக் அடைத்து நின்றால், பின்னாலிருந்து ரைட் பேக் பிலிப் லாம் வெளிப்புறமாக ஓடிச் செல்வார். பேக் ஒருவர், வழி இரண்டு. 1966-இல் இங்கிலாந்து முதல் மூன்று ஆட்டங்களில் ஆட்டத்திற்கு ஒரு விங்கராக மூவரைச் சோதித்துவிட்டு, பிறகு விங்கரே இல்லாமல் உலகக் கோப்பையை வென்றபோது, விங்கரின் காலம் முடிந்தது என்று பேசியோர் உண்டு. 2013 மே 25 அன்று அதே வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில், 89-ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ராபன். நம் ரைட் அவுட் வலக்காலர். ஆகையால் இம்முறையை விரிக்கவில்லை. அவரை இடப்புறத்தில் ஓரிரு பயிற்சி ஆட்டங்களில் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை.

எதிரணி விழித்துக்கொண்டு தொடக்கத்திலிருந்தே அவர்மீது இருவரைக் காவல் வைத்தால் என்ன செய்வது? பல்கலைக்கழகப் போட்டிகளில் இரண்டாம் சுற்றிலிருந்து இதுதான் நடக்கிறது. அப்போது இருவரோடும் மல்லுக்கு நிற்பது வீண். 1962-இல் சிலியில் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்றபின், பிரேசிலின் சுமை காரிஞ்சாவின்மேல் விழுந்தது. அவர் கோடியிலேயே நிற்கவில்லை. நடுவே வந்தார், மறுபக்கம் போனார். கால் இறுதியில் இங்கிலாந்திற்கு எதிராக அவர் அடித்த இரு கோல்களில் ஒன்று கார்னரிலிருந்து தலையால் முட்டியது; மற்றொன்று தொலைவிலிருந்து வளைத்து அடித்தது. அரையிறுதியில் சிலிக்கு எதிராகவும் இரண்டு. ஒன்று இடக்காலால், ஒன்று தலையால். நால்வகைக் கோலில் ஒன்றேனும் அவருடைய வழக்கமான கோடி ஓட்டத்தால் வந்ததன்று. (அரையிறுதியில் உதை பொறுக்காமல் திருப்பி உதைத்து வெளியேற்றப்பட்டார் என்பதையும் நம்மவர் நினைவில் கொள்க. டிரிபிள் செய்பவர் உதைபடுவார். ஃப்ரீ கிக்கை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும்.) விங்கர் உள்ளே வந்தால் அவருடைய காவலர் இருவரும் கூட வருவர், கோடி காலியாகும், அப்போதுதான் நான் அவ்வழியே ஓடவேண்டும். அல்லது அவர் கோடியிலேயே அசையாமல் நின்று இருவரைக் கட்டிவைத்துக்கொள்ளலாம். பந்தை மற்றப் பக்கம் ஆடலாம். பந்தே தொடாமல் இருவரை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்ட விங்கரைப் பார்த்து, “இன்று ஒன்றும் ஆடவில்லை” என்று சொல்லும் நண்பர்கள் அதையும் எண்ண வேண்டும்.

பயிற்சி பற்றிச் சில சொற்கள். நாம் மாலைதோறும் மைதானத்தை நாலுமுறை சுற்றிவிட்டு நேரே இரு பிரிவாக ஆடத் தொடங்கிவிடுகிறோம். அதில் விங்கரும் கற்பதில்லை, மற்றவரும் கற்பதில்லை. வலக்கோட்டை ஒட்டி, பத்துக் கெஜ அகலமும் இருபத்தைந்து கெஜ நீளமும் உள்ள ஒரு பாத்தியைச் சுண்ணாம்பால் வரைந்துகொள்ளலாம். அதற்குள் விங்கரும் ஒரு பேக்கும் மட்டும். ரைட் ஹாப் வெளியிலிருந்து விங்கரின் காலுக்குப் பந்தைத் தருவார். பந்து தரப்பட்ட அந்த நொடியே, கடந்தாரா இல்லையா என்று பாராமல், மூவர் முன் சொன்ன மூன்று இடங்களுக்கும் ஓடவேண்டும். கடந்தபின் விங்கர் மேலும் இரண்டு தொடுதலுக்குள் பந்தை உள்ளே அனுப்பிவிட வேண்டும். மூன்றாவது தொட்டால் பந்து எதிரணிக்கு. அடுத்த வாரம் இரண்டாம் காவலர் ஒருவரைச் சேர்க்கலாம். நம் மைதானத்தின் தென்பக்கக் கோடி மழைக்காலத்தில் தேங்கிவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை வடபக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. ஆட்டத்திலும் நாணயச் சுண்டலில் வென்றால், முற்பாதியில் விங்கருக்கு உலர்ந்த பக்கம் வரும்படி கேட்டுப் பெறவேண்டும். சேற்றில் பந்து நின்றுவிட்டால் எந்த உடலசைவும் பலிக்காது. பேக்காக இருவர் மாறி மாறி நிற்கட்டும். ஒருவரே நாள்தோறும் நின்றால், நான்கு நாளில் அவருக்கு நம் விங்கரின் அசைவெல்லாம் மனப்பாடமாகிவிடும்.